பூட்டைத் திறக்கும் முன் ஒரு கேள்வி: கைப்பேசியின் நகல் எங்கே இருக்கிறது?

"டீச்சர், பேக்கப் எடுத்துட்டேன். இனி அன்லாக் பண்ணலாந்தானே?"

பள்ளி விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. அறிவியல் கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். படிவம் நான்கு மாணவன் ஒருவன் கையில் கைப்பேசியுடன் வாசலில் நின்றான். அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி அது. தயாரித்த நிறுவனம் அதற்குப் புதிய பதிப்புகள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. லீனியேஜ் ஓஎஸ் என்னும் திறந்தமூல இயங்குதளத்தை ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்பது அவன் திட்டம். நல்ல திட்டம்தான். பழைய கருவியைக் குப்பையில் போடாமல் காப்பாற்ற நினைப்பவனை நான் ஏன் தடுக்க வேண்டும்?

"பேக்கப் எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

"போன்லதான் டீச்சர்."

வீட்டின் மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வருவது போன்றது இது. அந்தக் கைப்பேசியில் அவனுடைய தாத்தாவின் குரல் இருந்தது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தைப் பற்றி அவர் பேசிய 9 ஒலிப்பதிவுகள். வரலாற்றுப் பாட இடுபணிக்காக அவன் எடுத்தவை. தாத்தா சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அதனால் கூடத்தின் கதவை மறுபடியும் திறந்து, அவனை உட்கார வைத்தேன். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு சில்லு, பல அறைகள்

கைப்பேசியின் நினைவகச் சில்லு ஒன்றாக இருந்தாலும், உள்ளே அது பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கருவியை எழுப்பும் நிரல் ஒரு பிரிவில், இயங்குதளம் ஒரு பிரிவில், உங்கள் படங்களும் செயலிகளின் தரவுகளும் மற்றொரு பெரிய பிரிவில். இவை தவிர, சில மெகாபைட் அளவே உள்ள மிகச் சிறிய பிரிவுகளும் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். வன்பொருளை இயக்குவதற்காகத் தயாரிப்பாளர் நிரந்தரமாக எழுதி வைத்துள்ள மென்பொருளையே ஃபர்ம்வேர், அதாவது நிலைப்பொருள், என்கிறோம். அதை மாற்றுவது என்றால் இந்தப் பிரிவுகளில் சிலவற்றை அழித்து வேறொன்றை எழுதுவது.

மின்விசையை அழுத்தியதும் முதலில் ஓடும் நிரல்களில் ஒன்று பூட்லோடர். அடுத்து ஓடப்போகும் இயங்குதளத்தில் தயாரிப்பாளரின் மின்னொப்பம் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே அது வழிவிடும். வேறு இயங்குதளம் ஏற்ற வேண்டுமானால் முதலில் இந்தக் காவலாளியின் பூட்டைத் திறக்க வேண்டும். சில நிறுவனங்கள் திறக்கவே அனுமதிப்பதில்லை.

முடிச்சு இங்கேதான் விழுகிறது. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பூட்லோடரைத் திறந்த அந்தக் கணமே உங்கள் தரவுகள் முழுவதும் அழிக்கப்படும். இது கோளாறு அன்று. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இல்லாவிட்டால் கைப்பேசியைத் திருடியவன் பூட்லோடரைத் திறந்து, தன் நிரலை ஏற்றி, உங்கள் படங்களை எடுத்துக்கொள்வான். ஆனால் எல்லாப் பிரிவுகளையும் நகலெடுக்கும் கருவியோ, பூட்டைத் திறந்த பிறகுதான் இயங்கும். முழு நகல் எடுக்கப் பூட்டைத் திறக்க வேண்டும். பூட்டைத் திறந்தால் நகலெடுக்க வேண்டியதில் பாதி போய்விடும்!

ஆகவே, "முழு நகல்" என்பது ஒரே பொத்தானில் முடிகிற வேலை இல்லை. பூட்டைத் திறப்பதற்கு முன் ஒரு நகல், திறந்த பின் புதியதை ஏற்றுவதற்கு முன் இன்னொரு நகல். இரண்டும் கணினியிலோ வெளி வட்டிலோ இருக்க வேண்டும், கைப்பேசியில் அல்ல.

முதல் நகல்: உங்களுக்குச் சொந்தமானவை

யூஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்து, தெரியும் கோப்புறைகளை எல்லாம் இழுத்துப் போடுவது முதல் வேலை. நேரம் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். யூஎஸ்பி 2.0 கம்பியின் உச்ச வேகம் வினாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால், 30 கிகாபைட் தரவுக்கு 1,000 வினாடி, ஏறக்குறைய 17 நிமிடம். ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் இருந்தால் இன்னும் கூடும்.

மாணவனிடம் ஒரு நிபந்தனை போட்டேன். நகலெடுத்த பின் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடு; கணினியில் மட்டும் திறந்து பார்; 9 பதிவுகளையும் காதால் கேள்.

சனிக்கிழமை இரவு புலனத்தில் செய்தி வந்தது: "டீச்சர், படம் எல்லாம் இருக்கு. தாத்தா இல்லை."

காரணம் எளிது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை உண்டு. அந்த அறையை மற்றச் செயலிகளும் பார்க்க முடியாது, கம்பி வழியாகக் கணினியும் பார்க்க முடியாது. அவன் பயன்படுத்திய ஒலிப்பதிவுச் செயலி, பதிவுகளைப் பொதுவான கோப்புறையில் வைக்காமல் தன் சொந்த அறையில் வைத்திருந்தது. கம்பியால் இழுத்தபோது அவை வரவே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. கேட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை பூட்டைத் திறந்திருப்பான். பிறகு, செயலியைத் திறந்து ஒவ்வொரு பதிவையும் 'பகிர்' பொத்தான் வழியாக வெளியே அனுப்பச் சொன்னேன். இரண்டு படி எடுத்தான்: ஒன்று வீட்டுக் கணினியில், மற்றொன்று அண்ணனின் விரலியில்.

புலன உரையாடல்கள், குறிப்பேடு, இருபடிச் சரிபார்ப்புக் குறியீடு தரும் செயலி ஆகியவற்றையும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்.

இரண்டாம் நகல்: கைப்பேசிக்குச் சொந்தமானவை

பூட்லோடர் திறந்த பிறகு, டிடபிள்யூஆர்பி போன்ற ரிகவரி நிரலைக் கொண்டு பிரிவுகளை நகலெடுக்கலாம். ஆண்ட்ராய்டு ஆர்வலர்கள் இதை 'நாண்ட்ராய்டு' என்பார்கள். நாண்ட் வகை நினைவகத்தின் பெயரும் ஆண்ட்ராய்டும் சேர்ந்து பிறந்த சொல். இதில் இரண்டு பொறிகள் உண்டு. டிடபிள்யூஆர்பியில் 'டேட்டா' என்பதைத் தேர்ந்தெடுத்தால் செயலிகளின் தரவு நகலாகும். ஆனால் உங்கள் படங்களும் பதிவிறக்கங்களும் இருக்கும் உள் சேமிப்பகம் அதில் சேராது. எடுத்த நகலையோ அது அந்த உள் சேமிப்பகத்திலேயே வைக்கும். நீங்கள் இடத்தை மாற்றாவிட்டால், அடுத்த 'ஃபார்மட்'டில் நகலும் சேர்ந்து அழியும்.

சரி, பிரிவை அப்படியே பிட் பிட்டாக நகலெடுத்துவிட்டால்? தரவுப் பிரிவுக்கு அது பயன்படாது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், அதனுடன் அறிமுகமாகும் புதிய கைப்பேசிகளில் தரவுகளைக் கோப்பு வாரியாகக் குறியாக்கம் செய்வது கட்டாயம். அதைத் திறக்கும் சாவியை வன்பொருள் காக்கிறது. கருவி அழிக்கப்படும்போது பழைய சாவி போய்விடும். நகல் ஒரு பிட் குறையாமல் கையில் இருக்கும், படிக்கத்தான் முடியாது.

இனி அந்தச் சிறிய பிரிவுகள். *#06# என்று அழுத்திப் பாருங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் தோன்றும். தொலைத்தொடர்புக் கட்டமைப்பு உங்கள் கருவியை அடையாளம் காண்பது இதைக் கொண்டுதான். இதனுடன், அலைவாங்கிக்கான அளவுத்திருத்த மதிப்புகளும் அந்தச் சிறிய பிரிவுகளில் இருக்கும். அளவுத்திருத்தம் எதற்கு? வெர்னியர் காலிப்பரைப் பயன்படுத்தும்போது 'ரலாட் சிஃபார்' பார்க்கிறீர்களே, அதே காரணம். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு அலைப் பெருக்கிகள்கூட முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொன்றின் பிழையையும் தொழிற்சாலையில் அளந்து, திருத்தத்தை அந்தக் கைப்பேசிக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். சாம்சுங் கைப்பேசிகளில் இப்பிரிவுக்கு இஎஃப்எஸ் என்று பெயர். குவால்காம் சில்லு உள்ளவற்றில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2.

இயங்குதளத்தை இணையத்திலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். இந்தச் சில மெகாபைட்டுகளை உலகில் வேறு எங்கிருந்தும் இறக்க முடியாது. நண்பனின் அதே மாதிரிக் கைப்பேசியிலிருந்து எடுத்துப் போட்டால், அது நண்பனின் அடையாளம், நண்பனின் ரலாட் சிஃபார். ஐஎம்இஐ எண்ணை மாற்றி எழுதுவது பல நாடுகளில் குற்றமும்கூட.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்தபோது, என் கைப்பேசியில் அதே பெயருள்ள, ஆனால் வேறு மாதிரி எண் கொண்ட கருவியின் நிலைப்பொருளை ஏற்றினேன். கைப்பேசி அழகாக எழுந்தது. திரை ஒளிர்ந்தது, கேமரா வேலை செய்தது. மேல் மூலையில் மட்டும் 'சேவை இல்லை'. *#06# அழுத்தினால் எண் இருந்த இடத்தில் வெறும் சுழியம். இயங்குதளத்துக்கு முழு நகல் வைத்திருந்தேன். அதை மூன்று முறை மீட்டுப் பார்த்தேன். சிறிய பிரிவை நகலெடுக்காததால் மூன்று முறையும் அதே சுழியம்தான். அம்மா எடுத்துக் கொடுத்த கைப்பேசி அது. டார்ச்சு விளக்காக ஓராண்டு பயன்பட்டது.

நகல் சரியா என்பதை எப்படி அறிவது?

ஐஎம்இஐ எண்ணைத் தாளில் எழுதி வைக்கச் சொன்னேன். எழுதும்போது ஓர் இலக்கம் தவறினால்? அதற்காகவே கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கமாக இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. வங்கி அட்டை எண்களிலும் உண்டு.

490154203237518 என்ற மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம். கடைசி 8ஐ ஒதுக்கிவிட்டு, இடமிருந்து 2, 4, 6, 8, 10, 12, 14ஆம் இலக்கங்களை இரட்டிப்பாக்குங்கள். ஈரிலக்கம் வந்தால் அவ்விரண்டையும் கூட்டி ஓரிலக்கமாக்குங்கள்: 9 இரட்டித்தால் 18, அது 9 ஆகும். மற்ற இலக்கங்களுடன் சேர்த்துக் கூட்டினால் 52. அடுத்த பத்தின் மடங்கான 60ஐ எட்ட 8 வேண்டும். கடைசி இலக்கம் 8. உங்கள் எண்ணிலும் செய்து பாருங்கள். ஏதேனும் ஓர் இலக்கம் மாறினால் கணக்கு உதைக்கும்.

30 கிகாபைட் நகலுக்கும் இதே எண்ணம்தான், கணக்கு மட்டும் பெரிது. எஸ்எச்ஏ-256 என்னும் முறை எந்தக் கோப்பையும் 64 எழுத்துகள் கொண்ட கைரேகையாகச் சுருக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். மூலத்தின் கைரேகையும் கணினியில் உள்ள நகலின் கைரேகையும் ஒன்றாக இருந்தால், படியெடுத்ததில் பிழை இல்லை.

ஆனால் கைரேகை ஒத்துப்போவது படியெடுத்தது சரி என்பதைத்தான் சொல்கிறது. படியெடுக்க வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழியத் தொடங்கின. காப்பு நகலைத் தேடினால், அது சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அதை வைத்துத்தான் மீண்டார்கள்.

அதனால், புதிய இயங்குதளத்தை ஏற்றும் முன்பே, எதுவும் கெடாமல் இருக்கும்போதே, எடுத்த நகலை ஒருமுறை மீட்டுப் பாருங்கள். கைப்பேசி வழக்கம்போல் எழுந்து அழைப்பு எடுத்தால்தான் அது நகல். உங்கள் மாதிரி எண்ணுக்கு உரிய மூல நிலைப்பொருளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நகலாலும் மீட்க முடியாதவையும் உண்டு. சாம்சுங் கைப்பேசிகள் பலவற்றில், அதிகாரபூர்வமற்ற நிலைப்பொருளை ஏற்றினால் சில்லுக்குள் ஒரு நுண்ணிய மின் உருகி எரிந்துவிடும். மின்சுற்றுப் பாடத்தில் படித்த உருகியைப் போல அதை மாற்றிப் போட வழியில்லை. 2022இல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, கூகுள் தன் பிக்சல் 6 வரிசையில் பழைய பூட்லோடருக்குத் திரும்ப முடியாதபடி கதவை அடைத்தது. பூட்டு திறந்த கைப்பேசியில் வங்கிச் செயலிகள் பல ஓட மறுக்கும். உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் அதுவும் கேள்விக்குறிதான். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி என்றால், அதில் கைவைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

விடுமுறை முடிந்த முதல் வாரம் அவன் கூடத்துக்கு வந்தான். கைப்பேசியில் புதிய இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது. *#06# அழுத்தி, பயிற்றுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுக் காட்டினான். பிறகு ஏழாவது பதிவை ஓடவிட்டான். விடியற்காலையில் மங்குகளைத் துடைத்து வைத்ததைச் சொல்லிக்கொண்டே வந்த தாத்தா, நடுவில் இருமிவிட்டு, "டேய், அந்த மெசினைக் கொஞ்சம் நிறுத்துடா" என்கிறார். அதுவும் இருந்தது.