தோள்பட்டையில் ஒட்டுத்திசு: சம்மதம் தரும் முன்



மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் விண்ணப்பங்களில் தோள்பட்டை ஆபரேஷனுக்கானவையும் உண்டு. "தசைநாண் கிழிந்துவிட்டது, தைக்க முடியாது, வேறு திசு வைக்க வேண்டுமாம்" என்பார்கள். எந்தத் திசு, எதற்காக என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. அதை இம்மாதம் பார்ப்போம்.

தைக்க முடியாத கிழிசல்

மேற்கை எலும்பின் உருண்டைத் தலையைக் குழியோடு சேர்த்துப் பிடித்திருப்பவை நான்கு தசைகளின் நாண்கள். பெரிதாகக் கிழிந்து நாள்பட்டால் நாண் உள்ளே சுருங்கிவிடும். தசையில் கொழுப்பு படியும். பிறகு இழுத்துத் தைத்தாலும் நிற்பது கடினம். பிடிமானம் இழந்த எலும்புத் தலை, கையைத் தூக்கும்போது மேலேறித் தோளின் கூரை எலும்பில் முட்டும். தக்பீருக்குக் கை உயர்த்துவதும் தலை வாருவதும் சிரமமாகும்.

ஒட்டு என்ன செய்கிறது?

ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த டாக்டர் தெருஹிசா மிஹாதா ஒரு முறையை உருவாக்கினார். நோயாளியின் தொடையிலிருந்தே உறுதியான சவ்வை எடுத்து, மடித்து, 6 முதல் 8 மி.மீ. தடிமனாக்கி, ஒரு முனையைக் குழியின் மேல்விளிம்பிலும் மறுமுனையை மேற்கை எலும்பின் மேல்முனைப் புடைப்பிலும் பொருத்துவார்கள். இது கிழிந்த தசைக்கு மாற்று அல்ல. எலும்பு மேலேறாமல் தடுக்கும் ஒரு வார். 2013-இல் அவர் வெளியிட்ட 24 தோள்களின் முடிவில், கை உயரும் அளவு சராசரியாக 84 டிகிரியிலிருந்து 148 டிகிரியாகக் கூடியிருந்தது.

எங்கிருந்து எடுக்கப்படுகிறது?

சொந்தத் தொடைச் சவ்வு என்றால் தொடையிலும் ஒரு காயம் ஏற்படும். இறந்தவர் கொடையளித்த தோலைப் பதப்படுத்தியும் பயன்படுத்துகிறார்கள். அது மெல்லியது, விலை கூடுதல். பன்றியின் திசுவில் தயாரித்த ஒட்டுகளும் உண்டு. அவற்றுள் சிறுகுடல் படலத்தால் ஆனது நாண் ஆற உதவவில்லை என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே பொருள் எது என்பதை முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மார்க்க விளக்கம் வேண்டுமானால் அந்தத் தகவலோடு ஆலிம்களை அணுகுங்கள்.

கேட்க வேண்டியவை

1. பிசியோதெரபி முறையாகச் செய்து பார்த்தாயிற்றா? கிழிசல் இருந்தும் பயிற்சியால் வலி குறைந்து கை உயர்பவர்கள் உண்டு.

2. மூட்டு தேய்ந்திருக்கிறதா? நன்றாகத் தேய்ந்துவிட்டால் ஒட்டு பெரும்பாலும் பொருந்தாது. முதியவர்களுக்குக் குழியும் உருண்டையும் இடம் மாறிய செயற்கை மூட்டைப் பரிந்துரைப்பதே வழக்கம்.

3. ஒட்டு கிழிந்தால் அடுத்த வழி என்ன?

4. எத்தனை மாதம் வேலைக்குப் போக முடியாது? சில வாரங்கள் கையைத் தொட்டிலில் வைக்க வேண்டும். பாரம் தூக்கப் பல மாதங்கள் ஆகும். கூலி வேலை செய்பவருக்கு ஆஸ்பத்திரி பில்லோடு இந்த வருமான இழப்பும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். நகையை அடகு வைக்கும் முன் இதையும் குடும்பத்தோடு பேசுங்கள்.

விண்ணப்பத்துடன் எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் இப்பதில்களையும் இணைத்தால், எவ்வளவு உதவி, எத்தனை மாதத்துக்கு என்பதை நாமும் சரியாக முடிவு செய்யலாம்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.