ஊதச் சொன்னால் ஊது. விளங்காததில் கையெழுத்து வைக்காதே

அன்புள்ள மருமகன் கபிலனுக்கு,

லைசென்ஸ் எடுத்து, லுணுகலை ஸ்டாண்டில் ஆட்டோ போட்டிருக்கிறாய் என்று அக்கா சொன்னார். சந்தோஷம். பொலிஸ் மறித்து ஊதச் சொல்லும்போது மறுத்துவிட்டால் வழக்கு நிற்காது என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். அது உண்மையா என்று கேட்டிருந்தாய். உண்மையில்லை. அதை நம்பி வழக்கில் மாட்டிக்கொள்ளாதே. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 151-ஆம் பிரிவு இதைப் பற்றியது. சாரதி மதுவோ போதைப்பொருளோ எடுத்திருப்பதாகச் சந்தேகித்தால், மூச்சுப் பரிசோதனைக்கோ அரச வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கோ உட்படும்படி பொலிஸார் கேட்கலாம். நீ மறுத்தால், குடித்திருந்தாய் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உன் தலையில் விழும். ஆகவே குடிக்காதவன் மறுத்தால் தன்னைக் காப்பாற்றக்கூடிய சாட்சியைத் தானே தூக்கி எறிகிறான்.

நம் பக்கத்தில் பல காலமாகப் பாவிக்கப்படும் பலூன் குழாயை நீயும் பார்த்திருப்பாய். உள்ளே மஞ்சள் நிறப் பளிங்குத் துகள்கள் இருக்கும். அதில் பொற்றாசியம் இருகுரோமேற்று உண்டு. மூச்சில் மது இருந்தால் மஞ்சள் பச்சையாகும். எவ்வளவு தூரத்துக்குப் பச்சை ஏறுகிறது என்பதுதான் கணக்கு. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது என்பதே நம் நாட்டின் எல்லை. ஊதுவதற்கு முன் குழாய் புதியதா என்று பார். ஊதியபின் நிறம் எங்கே நிற்கிறது என்று உனக்குக் காட்டச் சொல். குடித்த உடனோ வாந்தி எடுத்த உடனோ ஊதினால் வாயில் தங்கிய மது அளவைக் கூட்டிக் காட்டும். கால் மணித்தியாலம் போனால் அது குறைந்துவிடும்.

காலை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பு மணித்தியாலத்துக்கு, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 15 மில்லிகிராம் மதுவைத்தான் கழிக்கும். சம்பளத்தன்று இரவு 11 மணிக்கு ஒருவரின் இரத்தத்தில் 200 இருந்தால், காலை 6 மணிக்கும் 95 மிச்சம் இருக்கும். பிளேன்டீயும் தேசிக்காயும் பச்சைத்தண்ணிக் குளியலும் அதைக் குறைக்காது. "ராத்திரிதானே குடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதும் குடித்துவிட்டு ஓட்டுவதுதான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், வைத்தியர் உன் நடையையும் பேச்சையும் கண்மணியையும் பார்ப்பார். இரத்தமோ சிறுநீரோ எடுக்கவும் கூடும். என்ன செய்யப்போகிறார், எதற்காக என்று உனக்கு விளங்கும்படி சொல்லச் சொல். சீனி வியாதி, தலையில் பட்ட அடி, குடிக்கும் மருந்து எதையும் மறைக்காதே. சீனி இறங்கினாலும் நா குழறும், நடை தள்ளாடும். பார்ப்பவர்கள் வெறி என்று நினைத்துவிடுவார்கள். யாராவது அடித்திருந்தால் அதையும் வைத்தியரிடமே சொல். அவர் அறிக்கையில் ஏறிய காயத்தைப் பிறகு இல்லை என்று சொல்ல முடியாது.

இனி முக்கியமான விசயம். கைது செய்தால் ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 13-ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. பயண நேரம் தவிர 24 மணித்தியாலத்துக்கு மேல் நீதவான் முன் நிறுத்தாமல் வைத்திருக்க முடியாது. பொலிஸில் எழுதும் வாக்குமூலத்தை உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுதிய மொழி உனக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். பிழையிருந்தால் திருத்தவும், விட்டுப்போனதைச் சேர்க்கவும் உனக்கு உரிமை உண்டு. இது 1979-ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் தோற்பது இந்த இடத்தில்தான். வழக்கு எழுதும் அதிகாரி சிங்களத்தில் எழுதுவார். நம் பிள்ளை சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று கையெழுத்து வைப்பான். "எனக்கு இது விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள் சேர்" என்று மரியாதையாகக் கேள். அது எதிர்த்துப் பேசுவதாகாது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. நீதிமன்றத்திலும் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்கான செலவு அரசுடையது.

ரோட்டில் யாரும் "இங்கேயே முடிச்சிடலாம்" என்றால் காசை நீட்டாதே. குடித்து ஓட்டிய குற்றத்துக்கு ரோட்டில் தண்டம் கட்டி முடிக்க வழியில்லை. அதை நீதவான் நீதிமன்றம்தான் தீர்க்கும். லஞ்சம் கொடுத்தவனும் குற்றவாளி. லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. அநியாயம் நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996-இல் கூப்பிடு. அடிப்படை உரிமை வழக்கு என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். ஆகவே நாளைக் கடத்தாதே. வக்கீல் வைக்கக் காசில்லாவிட்டால் பதுளையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது.

இவ்வளவும் குடித்தவன் தப்புவதற்காக எழுதியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டம் 25,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது, லைசென்ஸும் இடைநிறுத்தப்படலாம். லீசிங் கட்டுகிறவனுக்கு அதுவே போதும் குடும்பம் சாய. ஆனால் தண்டத்தை எப்படியாவது கட்டிவிடலாம். 2021 மார்ச் 20 அன்று, நீ ஓடுகிற அதே லுணுகலை – பசறை வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து எத்தனை உயிர் போனது என்று உனக்குத் தெரியும். அதற்குக் காரணம் குடி இல்லை. தெளிவாக ஓட்டினாலே இந்த வளைவுகள் அவ்வளவு ஆபத்தானவை என்றால், வெறியில் ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு ஆட்களை ஏற்ற என்ன உரிமை இருக்கிறது?

ஆகவே குடித்தால் சாவியைத் தொடாதே. குடிக்காமல் இருக்கும்போது யார் மறித்தாலும் ஊது, பார், கேள், விளங்கினால் மட்டும் கையெழுத்து வை. இந்தக் கடிதத்தை ஸ்டாண்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு.

அன்புடன்,
மாமா