பித்ரிப் பூச்சாடி: பார்க்கவும் பேணவும்

கர்நாடகத்தின் பீதர் நகரில் கருப்பு உலோகத்தில் வெள்ளி பதித்துச் செய்யும் பித்ரிப் பூச்சாடி, பல வீடுகளில் பரிசாக வந்து ஷோகேஸ் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. அதை வெளியே எடுங்கள்.

1. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழும் இடத்தில் வையுங்கள். பின்னால் வெளிர் நிறச் சுவர் இருந்தால் கருப்பு எடுப்பாகத் தெரியும்.

2. சாடியில் பதித்திருக்கும் கொடி கிளம்பும் இடத்திலிருந்து விரலால் தொடர்ந்து பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு இலைகளை ஒப்பிட்டால் ஒன்றின் நுனி சற்றே நீண்டிருக்கும். எஃகு ஊசியால் கையாலேயே கீறி, சிற்றுளியால் பள்ளமெடுத்து, அதில் வெள்ளியைச் சுத்தியலால் தட்டிப் பதித்த வேலை அது. மெல்லிய தண்டுக்குக் கம்பி, அகன்ற இதழுக்குத் தகடு. பழைய தக்காணச் சாடிகளில் கசகசாச் செடி பூத்து நிற்பதைப் பார்க்கலாம்.

3. சுத்தம் செய்யப் புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். அந்தக் கருப்பு பெயின்ட் கிடையாது. துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு கலந்து வார்த்த சாடியை லேசாகச் சூடாக்கி, பீதர் கோட்டை மண்ணும் நவச்சாரமும் குழைத்துத் தேய்ப்பார்கள். துத்தநாகம் கறுத்துப்போகும்; வெள்ளி வெள்ளியாகவே நிற்கும். இந்தக் கருப்பு போனால் வீட்டில் மீட்க வழியில்லை.

4. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். கருப்பு வெளிறினால் துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, பிசுக்கு இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

5. நேரடியாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பூ வைக்க ஆசையென்றால் உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய் வையுங்கள். சாப்பிடும் பொருள் எதையும் போட வேண்டாம்.

6. கனமாக இருந்தாலும் கீழே விழுந்தால் உடையக்கூடியது. குழந்தைகளுக்கு எட்டாத உயரம் நல்லது.

7. புதிதாக வாங்குபவர்கள் புவிசார் குறியீடு உள்ளதா என்று கேளுங்கள். பித்ரிக்கு அது 2006-லேயே கிடைத்துவிட்டது. செய்தவர் பெயரையும் கேளுங்கள். பீதர்க் கலைஞர் ஷா ரஷீத் அகமது காதிரிக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது; மற்ற பலரின் பெயர் கடையோடு நின்றுவிடுகிறது. தெரிந்தால் ஒரு சீட்டில் எழுதிச் சாடிக்குள் போட்டு வையுங்கள்.