சாஃப்ட்வேர் பிறகு, மூச்சு முதலில்

அன்புள்ள மருமகளுக்கு,

பிளஸ் டூ முடித்ததும் அனிமேஷன் படிக்கப் போவதாகவும், எந்த சாஃப்ட்வேரில் தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். மாயாவா, பிளெண்டரா என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளிவை. இந்தத் தொழிலில் கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வேலை அதேதான்.

1914-இல் அமெரிக்காவில் வின்சர் மெக்கே என்ற ஓவியர் 'கெர்ட்டி' என்ற டைனோசரைத் திரையில் நடமாடவிட்டார். சாட்டையோடு மேடையில் நின்று அவர் ஆணையிடுவார். திரையில் கெர்ட்டி காலைத் தூக்கும், அடம்பிடிக்கும், அதட்டினால் அழும். பின்னணியைத் தனியே வரைந்து, அதன்மேல் பாத்திரத்தை வைக்கும் செல்லுலாய்ட் தாள் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. ஆயிரக்கணக்கான தாள்களில் ஒவ்வொன்றிலும் பாறையையும் மரத்தையும் மறுபடி வரைய வேண்டும். அதற்கென்றே ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டார். இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் அசையாத பாறையின் கோடுகூட லேசாக நடுங்குவது தெரியும்.

இத்தனை பாடுகளுக்கு நடுவிலும், கெர்ட்டி எந்த வேகத்தில் மூச்சுவிட வேண்டும் என்று யோசித்து, தன் மூச்சையே கடிகாரம் வைத்துக் கணக்கிட்டார் மெக்கே. கதைக்கு அந்த மூச்சு தேவையில்லை. கெர்ட்டிக்கு உயிர் இருக்கிறது என்று நாம் நம்புவதற்குத் தேவை.

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற கலைஞரிடம் இருந்தவை கறுப்பு அட்டை, கத்தரிக்கோல், கம்பி. மூட்டு மூட்டாக வெட்டி இணைத்த உருவங்களைக் கண்ணாடிமேல் கிடத்தி, கீழிருந்து வெளிச்சம் கொடுத்து, இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்தார். 1926-இல் வெளிவந்த அவருடைய 'இளவரசர் அகமதுவின் சாகசங்கள்', இன்று பார்க்கக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களிலேயே மிகப் பழையது. அதில் வருபவை நிழலுருவங்கள். முகபாவத்துக்கு வழியே இல்லை. தோளும் கழுத்தும் கையும்தான் நடிக்கின்றன.

பிறகு கணினி வந்தது. 1986-இல் பிக்ஸார் நிறுவனம் எடுத்த 'லக்ஸோ ஜூனியர்' இரண்டே நிமிடம் ஓடும். நடிப்பவை இரண்டு மேஜை விளக்குகள். குட்டி விளக்கு துள்ளுவதற்கு முன் ஒருகணம் குனிந்துகொள்வதைக் கவனி. டிஸ்னி ஓவியர்கள் 1930-களில் பென்சிலால் பழகிய பாடம் அது. புதுக் கருவியைக் கையில் எடுத்தவர்களும் பழைய பாடத்தைத்தான் படித்தார்கள்.

நீயும் அங்கிருந்தே தொடங்கு. பாட்டி நாற்காலியிலிருந்து எழுவதை மொபைலில் எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார். முதலில் தலையும் நெஞ்சும் முன்னால் சாயும், கை நாற்காலியை அழுத்தும், அதற்குப் பிறகுதான் இடுப்பு எழும். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும். பாட்டி இரண்டு நொடியில் எழுந்தால் 24 படங்களை நோட்டில் வரை. அடுத்து உன் தம்பி எழுவதை வரை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எடை, வயது, குணம் எல்லாம்.

பயிற்சி நிலையத்துக்குப் போகும்போது சாஃப்ட்வேர் பட்டியலைக் கேட்காதே. மாணவர்கள் செய்த ஒரு நடையைக் காட்டச் சொல். பாத்திரத்தின் கால் தரையில் ஊன்றுகிறதா, வழுக்குகிறதா பார். வழுக்கினால் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடு.

அன்புடன்,
மாமா