பாலின்றி ஒரு பாலாடைக்கட்டி: சமண இல்லங்களுக்கு ஒரு பாடம்

சாவகர்க்குரிய ஒழுக்கத்தைக் கூறும் நூல்கள் உணவுக்கு முதலிடம் தருகின்றன. சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், மது, மாமிசம், தேன் ஆகிய மூன்றையும் விலக்கி ஐந்து அணுவிரதங்களையும் ஏற்பதே இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்கள் என்று வகுக்கிறது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை நம் இல்லங்களில் இன்றும் ஓதி வருகிறோம். அடுக்களைத் தூய்மை கெட்டால் அறமும் தளரும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

குடவாசல் வட்டத்துத் தீபங்குடி, கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டாரின் ஊர் எனப் போற்றப்படுவது. அவ்வூரிலும், மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சைக் கரந்தை ஆகிய இடங்களிலும் ஜினாலயங்களைச் சூழ்ந்து வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர், இன்று பெருநகரங்களிலும் கடல்கடந்த நாடுகளிலும் பணிபுரிகின்றனர். விடுமுறைக்கு ஊர் வரும் பேரப்பிள்ளைகள் கேட்பது பீட்சாவும், சீஸ் உருக்கிய ரொட்டியும். "கூடாது" என்று சொல்லிவிடுவது எளிது. ஏன் கூடாது, எது கூடும் என்று எடுத்துரைத்து, கூடுவதைச் செய்தும் கொடுப்பதே பெரியோர் கடமை. அதற்கு உதவவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

சீஸ் என்பது யாது?

சீஸ் என்னும் பாலாடைக்கட்டி, பாலை உறையச் செய்து, நீரை வடித்து, பெரும்பாலும் பல வாரங்களோ மாதங்களோ பக்குவப்படுத்தி எடுக்கும் பொருள். நம் நாட்டுப் பன்னீர் எலுமிச்சைச் சாற்றால் திரிந்து உருவாவது. மேலைநாட்டுச் சீஸ் வகைகள் பலவற்றிற்கோ ரென்னெட் என்னும் உறைபொருள் வேண்டும். பால்குடி மாறாத கன்றைக் கொன்று, அதன் நான்காம் இரைப்பையிலிருந்து எடுப்பதே தொன்றுதொட்டு வந்த ரென்னெட். இத்தாலி நாட்டுப் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் சீஸ், கன்றின் ரென்னெட்டைக் கொண்டே செய்யப்பட வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. அச்சீஸை உண்பது சமணர்க்கு எவ்வாற்றானும் தகாது.

1990-ஆம் ஆண்டில் நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கிய அதே நொதிக்கு அமெரிக்கா இசைவளித்தது. அதன்பின் பல நாடுகளில் கன்றின் ரென்னெட் குறைந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும், விலங்கு சாராத ரென்னெட் முதலியவற்றால் உறைந்ததே சீஸ் என்று இலக்கணம் கூறுகின்றன. ஆகவே நம் நாட்டுச் சீஸில் கன்றின் குடல் உள்ளது என்று பிள்ளைகளை அச்சுறுத்துவது பொருந்தாது. உண்மையைச் சொன்னால்தான் அறமும் நிலைக்கும். வெளிநாடுகளில் வாழ்வோர் மட்டும் ஒவ்வோர் உறையையும் கூர்ந்து படித்தல் வேண்டும்.

பாலை விலக்கும் காரணங்கள் மூன்று

முதலாவது அஹிம்சை. பாலை நம் சமயம் விலக்கவில்லை; எனினும் அதனைப் பெறும் முறை மாறிவிட்டது. காவிரிப் படுகையில் காளைக்கன்று ஒரு காலத்தில் ஏருக்கும் வண்டிக்கும் உரியது. உழவு இயந்திரம் வந்தபின் அதற்கு வேலையில்லை. பால் வற்றிய பசுவும் எருமையும், பயனற்றதெனக் கருதப்படும் ஆண்கன்றும் இறுதியில் எங்கே செல்கின்றன என்பதை நாம் அறிவோம். உலகிலேயே மிகுதியாகப் பால் தரும் நம் நாடுதான் எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்னணியில் நிற்கிறது. இதனைக் கண்டு, முனிவராயிருந்து 1971-இல் அமெரிக்கா சென்று சமண நெறி பரப்பிய சித்ரபானு அவர்கள் (1922–2019), பாற்பொருள்களையும் விடுமாறு வலியுறுத்தினார்.

இரண்டாவது உடல்நலம். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை வளர்ந்த பின் செரியாதோர் நம் நாட்டில் மிகப் பலர். பாலின் புரதமே ஒவ்வாத குழந்தைகளும் உளர்.

மூன்றாவது இரச பரித்தியாகம். புறத்தவம் ஆறனுள் நான்காவது இது. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்னும் ஆறு இரசங்களுள் ஒன்றையோ பலவற்றையோ துறத்தல். தசலக்ஷண பர்வ நாள்களிலும், அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும் பாலை விடுவோர் உண்டு.

முதலிரண்டு காரணங்களுக்காகப் பாலை விடுவோர்க்கே கீழ்வரும் முறைகள் உரியன. மூன்றாமவர்க்கு இவை ஏன் உதவா என்பதை இறுதியில் கூறுவோம்.

பாலில்லாதது எல்லாம் நமக்கு ஆகுமா?

பாலும் விலக்கிய உணவு நெறியை 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவர்தம் நண்பர்களும் வீகன் என்று பெயரிட்டு அழைத்தனர். இன்று வீகன் சீஸ் என்ற பெயரில் கடைகளில் பொட்டலங்களும், புத்தகங்களில் செய்முறைகளும் மலிந்துள்ளன. அவற்றை அப்படியே ஏற்றல் ஆகாது. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் அரைத்துச் செய்வது ஒரு முறை. மரவள்ளி மாவால் இழுவை தருவது மற்றொன்று. பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி சேர்ப்பது பெருவழக்கு. கிழங்கு வகைகள் அனந்தகாயம் ஆதலின் நமக்கு விலக்கு. சுவைக்காகச் சேர்க்கும் ஈஸ்ட், பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது. பல நாள் புளிக்கவைத்துச் செய்யும் வகைகளும் நம் முறைக்கு ஒவ்வா.

உறையின் மேலுள்ள குறிகளையும் அறிதல் நன்று. பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கும். பாலும் தேனும் அதில் அடங்கும். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி வரும் வீகன் குறி, பாலும் தேனும் இல்லை என்று உறுதி கூறும். ஆனால் பூண்டும் கிழங்கும் இல்லை என்று கூறாது. இரு குறிகளில் எதுவும் சாவக ஒழுக்கத்திற்குச் சான்றாகாது. உறையின் பின்புறமுள்ள பொருள் பட்டியலே சான்று.

நம் மண்ணின் பொருள்களே போதும்

சீஸ் உருகி நூல்போல் இழுபடுவது பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்தால். அது பிற பொருள்களில் இல்லை. எனவே அந்த இழுவையை நாம் எதிர்பார்த்தல் வேண்டா. கொழுமை, குழைவு, உப்பு, புளிப்பு ஆகிய நான்கையும் நம் படுகையின் பொருள்கள் தரும். வரப்புத் தென்னையின் காயும், முந்திரியும் கொழுமை தரும். பச்சரிசி மாவு நீரில் கொதிக்கும்போது அதன் மாச்சத்து நீரை ஏற்றுப் பருத்துக் குழைவாகும். ஆகவே மரவள்ளி மாவு தேவையில்லை. சம்பா அறுவடையை ஒட்டி நெல் தரிசில் விதைக்கும் உளுந்துக்கு இயல்பாகவே பசைத்தன்மை உண்டு. புளிப்புக்கு எலுமிச்சை, பூண்டின் மணத்திற்கு ஈடாகப் பெருங்காயம்.

முதல் முறை: முந்திரிப் பூச்சு

தேவையானவை: முந்திரிப்பருப்பு 100 கிராம், வடிகட்டிய நீர் 200 மி.லி., பச்சரிசி மாவு 2 மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒன்றரை மேசைக்கரண்டி, பெருங்காயம், மிளகுத்தூள், உலர்ந்த மஞ்சள்தூள் சிறிதளவு.

முந்திரியைப் பிளந்து பார்த்துச் சுத்தம் செய்து, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைக்கவும். அந்நீரை வடித்துவிட்டு, அளந்து வைத்த 200 மி.லி. நீர் சேர்த்து வெண்ணெய்போல் அரைக்கவும். எலுமிச்சைச் சாறு நீங்கலாக மற்றவற்றையும் கலந்து, அடிகனத்த பாத்திரத்தில் சிறுதீயில் கிளறவும். ஐந்து முதல் ஏழு நிமிடங்களில் கெட்டியாகிப் பளபளக்கும். இறக்கிச் சற்று ஆறியபின் சாற்றைச் சேர்க்கவும். முன்னரே சேர்த்துக் கொதிக்கவிட்டால் புளிப்பு மாவின் குழைவைத் தளர்த்தும்.

இரண்டாம் முறை: தேங்காய்ப்பால் உளுந்துப் பூச்சு

முந்திரி விலை மிகுதி என்போர்க்கு இது ஏற்றது. கெட்டித் தேங்காய்ப்பால் 200 மி.லி., வறுத்துப் பொடித்த உளுந்து மாவு 1 மேசைக்கரண்டி, பச்சரிசி மாவு 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் சிறிது ஆகியவற்றை ஆறிய நிலையிலேயே கட்டியின்றிக் கரைக்கவும். பின்பு சிறுதீயில் வைத்து இடைவிடாது கிளறவும். தளதளவென்று கொதிக்கவிட்டால் தேங்காய்ப்பால் திரியும். கரண்டியில் ஒட்டும் பதத்தில் இறக்கி, 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கவும். ஆற ஆற இன்னும் இறுகும்.

காய்ச்சாத பாலையோ அதன் தயிரையோ இருபருப்புத் தானியங்களுடன் சேர்த்துண்பது துவிதளம் எனும் குற்றம். உளுந்து இருபருப்புத் தானியமாயினும், தேங்காய்ப்பால் பெயரளவில்தான் பால். ஆதலின் இங்கு அக்குற்றம் இல்லை.

மூன்றாம் முறை: மேலே தூவும் பொடி

தோல் நீக்காத எள் 3 மேசைக்கரண்டி, முந்திரி 3 மேசைக்கரண்டி ஆகியவற்றைத் தனித்தனியே வெறும் சட்டியில் வறுத்து ஆறவிடவும். உப்பு அரைத் தேக்கரண்டி, உலர்ந்த மாங்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி, மிளகு சிறிது சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடிக்கவும். விடாது அரைத்தால் எண்ணெய் கக்கும். துருவிய சீஸுக்கு ஈடாக இதனைத் தூவலாம்.

எதன்மேல் இடுவது?

கடை ரொட்டியும் பீட்சா அப்பமும் ஈஸ்ட் சேர்ந்தவை. அவற்றிற்கு மாற்றாக நம் அடையே மேலானது. பச்சரிசியும் பருப்புகளும் இரண்டு மணி நேரம் ஊறவைத்து அரைத்து, புளிக்கவிடாமல் உடனே வார்க்கலாம். ஒருபுறம் வெந்ததும் திருப்பிப் போட்டு, பூச்சு இரண்டு கரண்டி பரப்பி, குடைமிளகாயும் தக்காளியும் மெல்லியதாக நறுக்கி அடுக்கி, மூடியிட்டுச் சிறுதீயில் இரண்டு நிமிடம் வைத்தால் போதும். தக்காளியை விலக்கிய இல்லத்தார் பீர்க்கங்காய் வதக்கி இடலாம். கோதுமைச் சப்பாத்தியும் ஏற்றதே.

கால வரையறை

அரைத்த மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என மரியாதை வகுத்துள்ளனர் நம் ஆசாரியர்கள். பூச்சுகள் நீர் சேர்ந்தவை. படுகையின் வெப்பத்தில் விரைந்து கெடும். அன்று செய்ததை அன்றே, கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல் வேண்டும். குளிர்ப்பெட்டியில் வாரக்கணக்கில் சேமிக்கச் சொல்லும் புத்தக முறை நமக்கு உரியதன்று. வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையை அறிந்து அளவாகச் செய்க.

ஊட்டம் குறித்து ஒரு சொல்

சுவையில் ஈடானாலும் ஊட்டத்தில் இவை சீஸுக்கு ஈடாகா. 100 கிராம் செடார் சீஸில் சுண்ணாம்புச்சத்து சுமார் 700 மி.கி. உள்ளது, அதே அளவு முந்திரியில் 40 மி.கி. அளவே உண்டு. பாலை முழுதும் விட்டோர் கேழ்வரகு, தோலுள்ள எள், முருங்கைக்கீரை ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்தல் வேண்டும். இவற்றினும் முக்கியமானது பி12 என்னும் உயிர்ச்சத்து. தாவர உணவில் அது நம்பத்தக்க அளவில் இல்லை. குறைந்தால் இரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். குழந்தைகளும், கருவுற்ற தாய்மார்களும், முதியோரும் மருத்துவரைக் கேட்டு அதனை மருந்தாகப் பெறுதல் இன்றியமையாதது. பிற உயிர்க்கு இரங்கும் நாம் நம் குழந்தையின் உடலுக்கும் இரங்குதல் வேண்டும். முந்திரி, எள் ஒவ்வாதவர்க்கு அவற்றைக் கொடுத்தலாகாது.

துறவும் மாற்றுப்பொருளும்

இனி, இரச பரித்தியாகம் மேற்கொண்டோர்க்கு வருவோம். அத்தவத்தின் நோக்கம் நாவை வெல்வது. பாலைத் துறந்த நாளில் பாலின் சுவையையே வேறு பொருளால் வரவழைத்து உண்டால், பால் விலகியதே அன்றி ஆசை விலகவில்லை. விரத நாளில் எளிய கஞ்சியோ உப்பிட்ட சோறோ உண்டு அமைவதே தவத்திற்கு அழகு.

அஹிம்சையின் பொருட்டுப் பாலை விடுவோர் நிலை வேறு. அவர்கள் விலக்குவது துன்பத்தை, சுவையை அன்று. துன்பமின்றி வந்த சுவையைப் பிள்ளைகளுக்கு ஊட்டி, அவர்களை நம் நெறியில் நிறுத்துவது குற்றமாகாது, நற்செயலே ஆகும். ஒரே பூச்சு, ஒருவர் இலையில் அறத்திற்குத் துணையாகவும் மற்றொருவர் இலையில் விரதத்திற்கு இடையூறாகவும் அமைகிறது. ஆகவே அடுப்பை ஏற்றுமுன் எதன்பொருட்டுப் பாலை விடுகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். விடை தெளிவானால், சமைப்பதா விடுப்பதா என்பதும் தெளிவாகும்.

பயிற்சி வினாக்கள்

1. ரென்னெட் என்பது யாது? இந்திய விதி அதுபற்றிக் கூறுவது என்ன?
2. பச்சைப் புள்ளியும் வீகன் குறியும் சாவகர்க்கு ஏன் போதா?
3. தேங்காய்ப்பாலும் உளுந்தும் சேர்வது ஏன் துவிதளம் ஆகாது?
4. இரச பரித்தியாக நாளில் மாற்றுச் சீஸை ஏன் தவிர்க்க வேண்டும்? இல்லத்திலுள்ள சிறுவர்களுடன் கலந்து பேசி விடை காண்க.