விளக்கு வளையமும் விதியின் பரிணாமமும்

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியிருந்தது. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்படும் வரையில், அங்கே பணிபுரிந்த தொழிலாளி தன் தலைவிளக்கின் ஒளி எட்டுமளவே கண்டான். முழுமையைக் காணாத பலர், அண்டையாரை மட்டும் நோக்கி, ஒரு பொது முடிவை எய்த இயலுமா? இத்தகைய வினாக்களை ஆராய உதவும் கணித அமைப்பே ‘செல்லுலார் ஆட்டோமேட்டன்’. இதனைக் ‘கண்ணறைத் தானியங்கி’ எனலாம்.

21 தொழிலாளர் வட்டமாக நிற்பதாகக் கொள்வோம். சிலருடைய விளக்கு எரிகிறது, பிறருடையது அணைந்துள்ளது. மணி ஒலிக்குந்தோறும் எல்லோரும் ஒரே வேளையில், தம் விளக்கையும் இருபுறமும் உள்ள மும்மூன்று விளக்குகளையும் நோக்கி, விதிப்படி தம் விளக்கை ஏற்றவோ அணைக்கவோ வேண்டும். தொடக்கத்தில் எரிந்தவை பெரும்பான்மையாயின் இறுதியில் யாவும் எரிய வேண்டும். அன்றேல் யாவும் அணைய வேண்டும். எண்ணிச் சொல்ல மேஸ்திரி எவருமிலர்.

‘காணும் ஏழில் பெரும்பான்மையைப் பின்பற்றுக’ என்பதே இயல்பாகத் தோன்றும் விதி. ஆனால் 12 விளக்குகள் தொடர்ந்து எரிய, எஞ்சிய 9 அணைந்திருப்பின், எல்லையில் நிற்பவர் தம் விளக்கையொத்த நான்கையும் மாறான மூன்றையும் காண்பர். ஆகவே ஒருவரும் மாறார், முடிவும் கிட்டாது.

வேறு விதியைத் தேடுவோம். ஏழு விளக்குகள் 128 வகையில் அமையும். ஒவ்வொரு வகைக்கும் ‘ஏற்று’ அல்லது ‘அணை’ என விடையெழுதிய பட்டியலே ஒரு விதி. இத்தகைய விதிகளின் தொகை 39 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும். ஒவ்வொன்றாகச் சோதித்தல் இயலாது.

1990-களில் அமெரிக்காவின் சாண்டா ஃபே ஆய்வுக் கழகத்தில் மெலனி மிட்செல், ஜேம்ஸ் கிரட்ச்ஃபீல்ட், ராஜர்ஷி தாஸ் முதலியோர் உயிர்ப் பரிணாமத்தையொத்த முறையைக் கையாண்டனர். கணிப்பொறியில் 100 விதிகளை ஆக்கி, 149 அறைகள் கொண்ட வளையத்தில் சோதித்தனர். சிறந்த 20 விதிகளை நிறுத்தி, அவற்றை இவ்விரண்டாகக் கலந்தும் சிறு மாற்றங்களைப் புகுத்தியும் புதிய 80 விதிகளைப் பெற்றனர். இவ்வாறு 100 தலைமுறைகள் கடந்தன.

பெரும்பாலான முயற்சிகளில், நீண்ட கூட்டத்தை மேலும் விரிக்கும் எளிய தந்திரமே தோன்றியது. சோதனைகளுள் ஒருபுறச் சாய்வு மிகுந்த எளியவையும் இருந்தமையால் அதுவும் நல்ல மதிப்பெண் பெற்றது. மிகச் சிலவற்றில் மட்டும், பகுதிகளுக்கிடையேயான எல்லைகளே நகர்ந்து சென்று தொலைவுக்குச் செய்தி கொணரும் விதி பிறந்தது. கடினமான சோதனையில் அது நூற்றுக்குச் சுமார் 77 முறை வென்றது. காச், குர்த்யுமோவ், லெவின் ஆகியோர் 1978-இல் வகுத்த விதியோ சுமார் 82 முறை வெல்வது. ஒருபோதும் தவறாத விதி இல்லை என்பதை 1995-இல் லாண்ட், பெலூ ஆகியோர் நிறுவினர்.

நம் நாட்டிலும் பரிமள் பால் சௌத்ரி குழுவினர், தகவல்களை வகைப்படுத்தும் கண்ணறைத் தானியங்கிகளை இத்தகைய பரிணாம வழியில் தேர்ந்தெடுத்துள்ளனர்.

ஆசிரியர்கள் 21 மாணவரைக் கொண்டு, விளக்குக்குப் பதிலாகக் கையுயர்த்தச் செய்து, இதனைப் பள்ளி முற்றத்தில் நிகழ்த்திக் காட்டலாம். மாணவர் தத்தம் விதிகளை எழுதிச் சோதிக்கட்டும். தேர்வு எத்தகையதோ, அதில் தேறும் விதியும் அத்தகையதே என்பதை அவர்கள் தாமே உணர்வர்.