தீயணைப்பு நிலையத்தில் கற்றதை வீட்டுக்குக் கொண்டுவருதல்

லண்டனில் தீயணைப்புப் படையினர் பாடசாலைகளுக்குச் சென்று பாடம் நடத்துவதும், பதின்ம வயதினரைத் தமது நிலையங்களுக்கு அழைத்துச் செய்முறையாகப் பயிற்றுவிப்பதும் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றன. வாரந்தோறும் சீருடையணிந்து பயிலும் ஃபயர் கேடட்ஸ் அணிகளும் இவற்றுள் அடங்கும. பிற்காலத்தில் தீயணைப்பு வீரராக விரும்பும் பிள்ளைகளுக்கு மட்டுமே இது உரியது எனக் கருதி எமது பெற்றோர் சிலர் ஆர்வம் காட்டுவதில்லை. அக்கருத்துப் பொருத்தமற்றது. இப்பயிற்சியில் கற்பிக்கப்படுபவற்றுள் பெரும்பகுதி வீட்டில் உறங்கும் ஒவ்வொருவருக்கும் தேவையானது.

முதலில் புகையைப் பார்ப்போம். வீட்டுத் தீயில் பலரைச் சுவாலை நெருங்குமுன்னரே புகை வீழ்த்திவிடுகிறது. சூடான புகை மேலெழுந்து கூரையில் தேங்கிப் பின்னர் கீழிறங்கும். ஆகவே தரையை ஒட்டியே சற்றேனும் சுவாசிக்கத்தக்க காற்று எஞ்சியிருக்கும். இதனை எந்தப் பிள்ளையும் ஐந்து நிமிடத்தில் மனனஞ் செய்துவிடலாம். ஆனால் தீங்கற்ற செயற்கைப் புகை நிரப்பிய அறைக்குள் நுழைந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் நிமிர்ந்தே நடக்க முற்படுவர். சற்றுமுன் தாம் நுழைந்த வாசல் எப்பக்கம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது போகும். இரண்டாம், மூன்றாம் முறை உள்ளே செல்லும்போதுதான் உடல் தானாகத் தாழ்கிறது.

அங்கு கற்பிக்கப்படும் நுட்பம் எளிமையானது. ஒரு கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் சுவர்வழியே நகர வேண்டும். முன்னாலுள்ளதைப் புறங்கையால் தடவி அறிய வேண்டும். மின்சாரம் பாயும் கம்பியில் உள்ளங்கை பட்டால் தசைகள் சுருங்கி விரல்கள் அக்கம்பியைப் பற்றிக்கொள்ளக்கூடும். புறங்கை பட்டால் அதே சுருக்கம் கையை விலக்கிவிடும். மூடிய கதவையும் புறங்கையாலேயே தொட்டுப் பார்க்க வேண்டும். கதவு சூடாயிருப்பின் அதனைத் திறக்கலாகாது.

நீர்க்குழாயைப் பிடித்துப் பார்ப்பது பிள்ளைகள் மிகவும் விரும்பும் பகுதி. 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நீர் பாயத் தொடங்கியதும் அது பிடித்திருப்பவரைப் பின்னோக்கித் தள்ளும். ஒருவர் முனையைப் பிடிக்க, மற்றவர் பின்னின்று தாங்க வேண்டியிருக்கும். தலைக்கவசம், தடித்த உடை, சுவாசக் கருவி ஆகியவற்றோடு பயிற்சி பெற்றோர் குழுவாகவே தீயை நெருங்குகின்றனர் என்பதை நேரில் கண்ட இளைஞன், வாளித் தண்ணீருடன் எரியும் அறைக்குள் புக எண்ணமாட்டான். என் பார்வையில் இப்பகுதியின் பெரும்பயன் இதுவே. சிறு பிள்ளைகளுக்கோ அந்தச் சுவாசக் கருவியே அச்சமூட்டக்கூடியது. முகமூடியணிந்து உரத்து மூச்செறிந்து வரும் உருவத்தைக் கண்டு பிள்ளைகள் கட்டிலின் கீழோ அலுமாரியினுள்ளோ ஒளிந்துகொள்வதுண்டு. இதனாலேயே வீரர்கள் பிள்ளைகளின் கண்முன்னே ஒவ்வோர் உடையாக அணிந்து காட்டுகின்றனர்.

எமது சமையலறைகளுக்கு மிக நெருக்கமான பாடம் எண்ணெய்த் தீ. வடையோ முறுக்கோ பொரிக்கும் தாச்சியில் எண்ணெய் பற்றிக்கொண்டால், தண்ணீர் ஊற்றுவதே பலருக்கும் முதலில் தோன்றும். தண்ணீர் எண்ணெயைவிட அடர்த்தி கூடியது. அது எண்ணெயின் அடியிற் சென்று, அக்கணமே ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடையும். அவ்விரிவு எரியும் எண்ணெயைத் தூக்கி எறிகிறது. நீண்ட கோலின் முனையில் ஒரு சிறு குவளை நீரைக் கட்டி, வீரர்கள் இதனைத் திறந்தவெளியில் செய்து காட்டுவர். கூரையைவிட உயரமாக எழும் அச்சுவாலையை ஒருமுறை பார்த்த பிள்ளை அதனை மறப்பதில்லை. ஈரத்துணியால் மூடுமாறு பழைய துண்டுப்பிரசுரங்களில் நீங்கள் படித்திருக்கலாம். இன்றைய அறிவுரை வேறு: ஆபத்தின்றி இயலுமாயின் அடுப்பை அணையுங்கள், தாச்சியை நகர்த்தாதீர்கள், வெளியேறிச் சமையலறைக் கதவை மூடி, வீட்டிலுள்ளோரை எச்சரித்து, எல்லோரும் வெளியே வந்தபின் 999 ஐ அழையுங்கள்.

இவ்வறிவுரைகளைத் தமிழாக்குவது எனது தொழில். சில சொற்கள் எளிதில் வசப்படுவதில்லை. தொடர்மாடிக் கட்டடங்களின் பாரமான, தானாக மூடும் கதவுகளைத் தீக்கதவு என்று எழுதினால், தீ ஏற்படும்போது மட்டும் பயன்படும் கதவென வாசகர் எண்ணிவிடுவர். தீத்தடுப்புக் கதவு என்பதே பொருத்தம். அதனை ஆப்பு வைத்துத் திறந்து விடலாகாது என்பதற்கான காரணமும் அச்சொல்லிலேயே உண்டு. உள்ளேயே இருங்கள் என்பது இன்னும் சிக்கலானது. உங்கள் வீட்டைத் தீயோ புகையோ தாக்காதபோது மட்டுமே, அதுவும் அவ்வேற்பாடு உள்ள கட்டடத்தில் மட்டுமே, அது பொருந்தும். தாக்கினால் உடனே வெளியேற வேண்டும். 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரத்தில் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குச் சற்றுமுன் தீ மூண்டது. உள்ளேயே இருக்குமாறு கூறிய அறிவுரை அதிகாலை 2.47 வரை கைவிடப்படவில்லை. அத்தீயில் 72 பேர் உயிரிழந்தனர். உங்கள் கட்டடத்துக்கு எந்த ஏற்பாடு உரியது என்பதைக் குடியிருப்போருக்கு விளங்கும் வகையில் அறிவிப்பது, 2022 ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தீப்பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி கட்டடப் பொறுப்பாளரின் கடமை. அறிவித்தல் கிடைக்காவிடின் எழுத்தில் கேளுங்கள்.

பயிற்சி முடித்துவந்த பிள்ளை வீட்டில் என்ன செய்யலாம்? எமது வீடுகள் பலவற்றில் பகலில் தனித்திருப்போர் அம்மம்மாவும் தாத்தாவும். ஆங்கிலத்தில் பிள்ளை கற்றது தமிழில் அவர்களைச் சென்றடையாவிட்டால் பயிற்சியின் பாதி வீணாகும். ஒரு மாலைப்பொழுதில் பிள்ளையையே ஆசிரியராக்குங்கள். விளக்கை அணைத்து, படுக்கையறையிலிருந்து வாசல்வரை எல்லோரும் சுவர்வழியே செல்லட்டும். மூட்டு வலியுள்ள மூதாட்டியால் தவழ இயலாது. அவரை யார் அழைத்துச் செல்வர், எவ்வழியாக என்பதை அன்றே தீர்மானியுங்கள். நகைத் திருட்டுக்கு அஞ்சி வாசற்கதவை உட்புறம் பூட்டி, திறப்பை எங்கோ ஒளித்துவைக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. அத்திறப்பை இருளிலும் அனைவரும் எடுக்கக்கூடிய ஓரிடத்தில் வையுங்கள்.

புகை எச்சரிக்கைக் கருவியை மாதம் ஒருமுறையேனும் அழுத்திச் சோதிக்கும் பொறுப்பைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஆயினும் அக்கருவி ஒலித்தால் பிள்ளை தானே எழுந்துவிடும் என நம்பியிருக்க வேண்டாம். ஆழ்ந்து உறங்கும் சிறுவர் பலர் அவ்வொலிக்கு விழிப்பதில்லை என்பதை ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். எந்தப் பெரியவர் எந்தப் பிள்ளையை எழுப்புவார் என்பதும் ஒத்திகையில் இடம்பெற வேண்டும். வாடகை வீட்டில் வசிப்போர் கவனிக்க: குடியிருக்கும் ஒவ்வொரு தளத்திலும் இக்கருவி ஒன்றைப் பொருத்துவது வீட்டு உரிமையாளரின் சட்டக்கடமை. பழுதென அறிவித்தால் அதனைத் திருத்தவோ மாற்றவோ வேண்டும் என்ற கடமையும் 2022 ஒக்ரோபர் 1 முதல் நடைமுறையிலுள்ளது.

ஆங்கிலம் அறியாத முதியவரும் 999 ஐ அழைக்கலாம். ஃபயர், தமிழ் என்ற இரு சொற்களையும் வீட்டு முகவரியையும் அஞ்சற் குறியீட்டையும் அவர் சொல்லப் பழகியிருந்தால் போதும். மொழிபெயர்ப்பாளரை இணைக்க வழியுண்டு. அம்முகவரியைத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதித் தொலைபேசியருகே ஒட்டும் வேலையையும் பிள்ளையிடம் விடலாம்.

அருகிலுள்ள இளையோர் அணி, அதில் சேரும் வயது, பயிற்சி நாட்கள் ஆகியவற்றைத் தீயணைப்புப் படையின் இணையத்தளத்திலோ எமது சபையின் இளையோர் சேவைப் பிரிவிலோ அறியலாம். வீட்டுக்கே வந்து தீப்பாதுகாப்பைப் பரிசீலிக்கும் சேவைக்கும் கட்டணமில்லை. அதற்கு விண்ணப்பிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை எனக் குறிப்பிடுங்கள். வருகையைப் பிள்ளைகள் பாடசாலையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு ஒழுங்கு செய்யுங்கள்.